கமலா பூத்தால் லொறி வரும்

கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்குக் காது நன்றாகத்தான் கேட்கும். கேட்டது சரிதானா என்று இன்னொரு தடவை கேட்கத்தான் வாய் வராது. எதிரில் நிற்பவர் என்ன சொன்னாலும் தலையை ஆட்டிவிட்டு, அவர் போன பிறகு ‘என்னதான் சொன்னார்?’ என்று யோசிக்கிற கூட்டம் நாங்கள். இந்தக் கூட்டத்தில் நான் முன்வரிசை.

அப்படித் தலையாட்டித்தான் நான் ஒரு சங்கத்துக்குத் தலைவியானேன். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள், நாலு பேர் முன்னால் பேரைச் சொல்லச் சொன்னால் பேரே மறந்துவிடுகிறவள், தலைவி!

பூண்டுலோயாப் பக்கத்தில் ஒரு சின்ன டவுன் எங்களுடையது. (பெயர் வேண்டாம். அந்த ஊர் ஆட்கள் இன்னும் என்னைக் கண்டால் சிரிக்கிறார்கள்.) நாடு சுதந்திரமாகி, வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்த காலம். கடைத்தெரு முடிகிற இடத்தில் ஒரு சின்னப் பூங்கா இருந்தது. புல்லுத்தரை, ஒரு தண்ணீர்ப் பைப், மரத்தடியில் உட்கார இரண்டு வாங்கு, ஒரு ஓரமாக வரிசையாய்ச் சில பூச்செடிகள். ஒரு துரைசானி ஆசைப்பட்டு உண்டாக்கியது. அந்த அம்மா சீமைக்குத் திரும்பிப் போகும்போது, தனக்குச் சீத்தைத் துணி கொடுத்துப் பழக்கமான ஹமீது நானாவிடம் “பார்த்துக்கொள்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நானா கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற மனிதர். உடனே ‘பூங்கா நேசர் சங்கம்’ என்று ஒன்றை ஆரம்பித்தார். தலைவர் அவரே. செயலாளர் எங்கள் வீட்டுக்காரர். (பெயர் சொல்லிப் பழக்கமில்லை. இந்த வயதில் எதற்குப் பழக வேண்டும்?) இவர் நானா கடை விறாந்தையில் தையல் மெசின் போட்டிருந்தார். சங்கக் கூட்டமெல்லாம் அந்த மெசினைச் சுற்றித்தான். சம்பளம் கிடையாது, வெட்டுகிற கத்தியும் அவரவர் வீட்டுக் கத்தி.

நான் கல்யாணமாகித் தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்த புதிது. ஒரு கூட்டத்தில் எல்லாருக்கும் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓரமாக நின்றேன். நானா வாய் நிறைய வெற்றிலையோடு என்னைப் பார்த்து, “புள்ள, நீங்க ஈக்கிறீங்களா?” என்றார்.

‘இருக்கிறீங்களா’ என்பது அவர் வாயில் அப்படித்தான் வரும். நின்றுகொண்டிருக்கிறேனே, உட்காரச் சொல்கிறார் போலும் என்று நினைத்தேன். பெரிய மனுசன் சொல்லித் தட்டக் கூடாது. தலையை ஆட்டிவிட்டு, பக்கத்திலிருந்த துணிக்கட்டின் மேல் உட்கார்ந்தேன். எல்லாரும் கை தட்டினார்கள்.

உட்கார்ந்ததற்கு எதற்குக் கை தட்டுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் இவர் சொன்னார்: “மாதர் பகுதிக்குத் தலைவியா இருக்கிறீங்களான்னு கேட்டாரு. நீதான் பொசுக்குன்னு உக்காந்து ஏத்துக்கிட்டியே!”

மாதர் பகுதியில் வேறு மாதர் யாரும் இல்லை என்பது ஒரு ஆறுதல்.

அந்தப் பூங்காவால் ஊருக்கு என்ன பிரயோசனம் என்று கேட்டால், டவுன்காரர்களுக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தோட்டங்களிலிருந்து சாமான் வாங்க இறங்கி வருகிற பெண்களுக்கு அதை விட்டால் வேறு இடம் கிடையாது. கடைக்காரன் வாசலில் உட்கார விடமாட்டான். கோயில் நடுப்பகலில் பூட்டியிருக்கும். ஆம்பிளைகளுக்குக் கள்ளுத் தவறணை இருந்தது. பெண்கள் சாமான் பையை வைத்துவிட்டுக் காலை நீட்டுவதும், பிள்ளைக்குப் பால் கொடுப்பதும், பைப்பில் முகம் கழுவுவதும் அந்தப் புல்லுத்தரையில்தான். என் அண்ணன் பெண்சாதி கமலா மதினி, பிறந்து நாற்பது நாள் தாண்டிய பிள்ளையோடு அங்கேதான் மர மறைவில் உட்காருவாள்.

அந்த நேரம் பார்த்து, பட்டின சபை அந்த இடத்தை மட்டப்படுத்தி லொறி நிறுத்தப் போகிறது என்று பேச்சு வந்தது. தோட்டத்து ஆட்களுக்கு அப்போது ஓட்டு இல்லை. ஓட்டு இல்லாத பெண்கள் காலை நீட்ட இடமில்லாமல் போனால் யாருக்கு என்ன? ஹமீது நானாதான் விடவில்லை. சபைத் தலைவரிடம் போய், “மாத்தயா, அங்க ஈக்கிற கமேலியா மாதிரி இந்தப் பக்கத்துல எங்கயும் இல்ல. பூத்து வார நேரம். ஒருக்கா வந்து பாத்திட்டு, அதுக்குப் பொறகு லொறிய உடுறதா வேணாமான்னு முடிவு பண்ணுங்க” என்று சொன்னார். அந்தச் சபைத் தலைவர் ஒரு சிங்களப் பெரியவர். வீட்டில் ரோசா வளர்க்கிறவர். பூ என்றதும் இளகிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வருவதாகச் சொன்னார். (பூப் பார்க்க வருகிறார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.)

ஆக, பூங்காவின் உயிர் அந்தக் கமேலியாச் செடிகளில் இருந்தது. கமேலியா என்பது எங்கள் வாயில் நுழையாமல், ‘கமலா’ என்றே ஆகிவிட்டது. “கமலாவுக்குத் தண்ணி ஊத்தியாச்சா?” என்று இவர் கேட்டால், “அவ புருசன் ஊத்துவாரு” என்பேன். நாங்கள் இரண்டு பேரும் சிரித்துக்கொள்வோம். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்த பகிடி.

சனிக்கிழமை நானா துணி எடுக்கக் கண்டிக்குப் புறப்பட்டார். நான் பஸ் நிற்கிற இடத்தில் பாண் வாங்கிக்கொண்டு நின்றேன். பஸ் உறுமிக்கொண்டு கிளம்புகிற நேரம் நானா ஜன்னலால் தலையை நீட்டி, வெற்றிலை வாயோடு கத்தினார்:

“புள்ள! நாளைக்குத் தலைவர் வாரார். கமேலியாவ மட்டா வெட்டி வைங்க!”

அவர் சொன்னது ‘மட்டா’. மட்டாக என்றால் அளவாக, லேசாக. அங்கங்கே நீட்டிக்கொண்டு நிற்கிற குச்சியைத் தட்டிவிட்டால் போதும் என்று அர்த்தம். என் காதில் விழுந்தது ‘மட்டமா’.

மட்டம் என்றால் என்னவென்று தோட்டத்தில் பிறந்த எவளுக்கும் தெரியும். தேயிலைச் செடியின் தலை மேடு பள்ளமில்லாமல் பாய் விரித்த மாதிரி இருக்க வேண்டும். அதற்கென்று மட்டக்கம்பு வைத்திருப்போம். கம்பைச் செடியின் மேல் படுக்கப் போட்டு, அதற்கு மேலே நிற்பதையெல்லாம் கிள்ளிவிட வேண்டும்.

பூச்செடியை எதற்கு மட்டமாக வெட்டுவது என்று எனக்கும் ஒரு யோசனை வந்தது. “என்ன சொன்னீங்க நானா?” என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பஸ்ஸில் அத்தனை ஆம்பிளைகள். எல்லாரும் ஜன்னலால் என்னைத்தான் பார்க்கிற மாதிரி இருந்தது. தலையை ஆட்டிவிட்டேன். பஸ் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கமலா மதினி தன் கூட்டாளிப் பெண்களோடு இறங்கி வந்தாள். வெட்டு வேலை இருக்கிறது என்று சொல்லியனுப்பியிருந்ததால், அண்ணனும் தேயிலை வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியும் மட்டக்கம்புமாக வந்தார். நான் வாயைத் திறந்து உத்தரவு போட்டது வாழ்க்கையில் அன்றைக்குத்தான் முதல் தடவை. “மதினி, இந்தச் செடியெல்லாம் மட்டமா வெட்டணுமாம். தலைவர் வாராராம்.”

மதினி செடியைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். ஒரு இலையைக் கிள்ளி மடித்துப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

“அடியே பாக்கியம், இது தேயிலைடி!”

“பூச்செடின்னு சொன்னாங்களே மதினி...”

“என்னா பூச்செடி? எலையப் பாரு, கொழுந்தப் பாரு. நான் பாக்காத தேயிலையா? யாரோ கவ்வாத்துப் பண்ணாம காடா விட்டுட்டாங்க. ஐயோ பாவமே, மொட்டு வேற வச்சிருச்சு!”

தேயிலை பூத்துவிட்டது என்றால் எங்கள் ஆட்களுக்கு அது வெட்கக்கேடு. கவனிப்பில்லாத செடிதான் பூக்கும். மலையில் ஒரு செடி பூத்து நின்றால் கங்காணி நம்முடைய ஏழு தலைமுறையையும் இழுத்துப் பேசுவார். இங்கே என்னடா என்றால், செடிக்குச் செடி கொத்துக் கொத்தாய் மொட்டு. ஒன்றிரண்டு வெடித்து, உள்ளே சிவப்பாக எட்டிப் பார்த்தது.

“மதினி, தேயிலைப் பூ வெள்ளையாத்தானே இருக்கும்?”

“அதான் சொல்றேன், செடிக்கு நோவு வந்துருச்சு. செவந்து போய்க் கெடக்கு. இன்னும் நாலு நாளு விட்டா செடியே செத்துரும். அண்ணன்கிட்டேயே கேளு.”

அண்ணன் பார்த்தார். கவ்வாத்துக்காரர் கையில் கத்தி இருக்கும்போது கேட்டால் என்ன சொல்வார்? “வெட்டிற வேண்டியதுதான்” என்றார்.

என்னையும் சேர்த்துச் சொல்கிறேன், எங்களுக்கு வேலை செய்கிற மாதிரியே இல்லை. ஒரு உயிரைக் காப்பாற்றுகிற மாதிரி இருந்தது. அண்ணன் தடித்த கிளைகளைத் தட்டினார். பின்னாலேயே மட்டக்கம்பைப் போட்டுப் பெண்கள் கிள்ளினார்கள். கை எங்கே போகிறது என்று பார்க்க வேண்டியதே இல்லை, வாய் பாட்டுக்குக் கதை பேசியது. மொட்டையெல்லாம் ஒரு மூலையில் கொட்டினார்கள். கொழுந்தைத் தனியாகக் கூடையில் போட்டார்கள். (அது எதற்கு என்று நீங்கள் கேட்கக் கூடாது. கொழுந்தை நிலத்தில் கொட்டுகிற கை எங்கள் கை இல்லை.) மத்தியானத்துக்குள் அந்தச் செடி வரிசை முழுக்க ஒரே மட்டம். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. நான் தலைவி என்கிற நினைப்பில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று பார்த்தேன். அந்த நிலையில்தான் நானா என்னைக் கண்டார்.

கண்டிப் பஸ்ஸை விட்டு இறங்கி, கையில் துணிப் பார்சலோடு நேரே பூங்காவுக்குத்தான் வந்திருந்தார். செடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி செடியைப் பார்த்தார். பார்சல் கையிலிருந்து நழுவியது.

“புள்ள... பூவெங்க?”

கமலா மதினி பெருமையாக முன்னால் வந்தாள். “எல்லாத்தையும் கிள்ளிட்டோம் நானா! ஒண்ணு விடல!”

நானா தொப்பியைக் கழற்றி, அதைக் கையில் பிடித்தபடியே வாங்கில் உட்கார்ந்தார். “அல்லாவே” என்றார். பிறகு மெதுவாக, “மட்டா வெட்டச் செல்லித்தானே புள்ள நான் செல்லிட்டுப் போன?” என்றார்.

மட்டா! அந்த ஒரு எழுத்து விழுந்த இடத்தில் நான் விழுந்து செத்துவிடலாம் போல இருந்தது. மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். தலைவிக்கு அதுதான் பொருத்தமான இடம்.

காலையிலிருந்து மெசினை விட்டு எழும்பாத எங்கள் வீட்டுக்காரர் சத்தம் கேட்டு அப்போதுதான் வந்தார். இவர்தான் யோசனை சொன்னார். “நானா, கடையில செவப்பு சாட்டின் வெட்டுத்துண்டு கெடக்கு. பூ மாதிரிச் சுருட்டித் தச்சிருவோமா?” ஓடிப்போய், மெசினை மிதித்து, மூச்சு வாங்க ஒரு கூடை சாட்டின் பூவோடு வந்தார். தலைவர் வருவதற்குள் எல்லாரும் உட்கார்ந்து அதைச் செடியில் வைத்துத் தைத்தோம். மட்டமான பச்சைப் பாயின் மேல், ஒரே அளவு, ஒரே தூரம், சிவப்புச் சிவப்பாக. தலையணை உறையில் பூப்போட்ட மாதிரி இருந்தது. தூரத்திலிருந்து, கண்ணைக் கொஞ்சம் மூடிக்கொண்டு பார்த்தால் பரவாயில்லை.

தலைவர் வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக வந்து இறங்கினார். தூரத்தில் நிற்கவில்லை. கண்ணையும் மூடவில்லை. நேரே செடிக்குப் போய், ஒரு பூவை மெதுவாகத் தொட்டார். தொட்டவர், பறித்துப் பார்க்கலாம் என்று இழுத்தார். பூ வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தார். எங்கள் வீட்டுக்காரர் தைத்தால் துணி கிழியுமே தவிர நூல் பிரியாது. கிளைதான் முறிந்து வந்தது.

கிளையைக் கையில் வைத்துக்கொண்டு தலைவர் சுற்றிலும் பார்த்தார். “கோ, கமேலியா?” என்றார். கமேலியா எங்கே என்று கேட்கிறார்.

பிள்ளையைத் தோளில் போட்டிருந்த மதினி, பெரிய மனுசன் தன் பேரைச் சொல்லிக் கேட்கிறார் என்று வாரிச் சுருட்டிக்கொண்டு முன்னால் வந்தாள். “மம தமய், மாத்தயா” என்றாள். நான்தான் ஐயா என்று.

தலைவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். நானா கண்ணை மூடிக்கொண்டார்.

“இத யாரு வெட்டினது?” தலைவருக்குத் தமிழும் கொஞ்சம் வரும்.

“நான்தான் வெட்டச் சென்ன, மாத்தயா” என்று நானா எழும்பினார். எனக்காகப் பழியை ஏற்றுக்கொள்ளப் போகிறார் என்று தெரிந்ததும் என்னால் மரத்துக்குப் பின்னால் நிற்க முடியவில்லை. வெளியே வந்தேன். வாழ்க்கையில் நான் ஒரு பெரிய உத்தியோகத்தருக்கு முன்னால் பேசிய முதல் வசனம், அதுவும் சிங்களத்தில், இதுதான்:

“தே கஸ் மல் பிப்புனாம ஹொந்த நே, மாத்தயா.” தேயிலை பூத்தால் நல்லதில்லை ஐயா.

தலைவர் என்னைப் பார்த்தார். கூடையில் அழகாக அடுக்கியிருந்த கமேலியாக் கொழுந்தைப் பார்த்தார். அவருடைய மீசை துடித்தது. கோபம் என்று நினைத்தேன். அது சிரிப்பு. சிரிப்பை அடக்கிக்கொண்டு, பூ வளர்க்கிறவர் அல்லவா, எங்களுக்கு விளங்கப்படுத்த முயற்சி செய்தார். கமேலியாவும் தேயிலையும் சொந்தக்காரர்களாம். “தெக்கம எக்க பவுலே” என்றார். இரண்டும் ஒரே குடும்பம் என்று.

கமலா மதினி என்னைத் தன் பக்கத்தில் இழுத்து, தோளில் கை போட்டுக்கொண்டாள். “ஓவ் மாத்தயா, மகே நேனா!” ஆமாம் ஐயா, இவள் என் நாத்தனார்!

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. தொப்பியைக் கழற்றி, எங்கே வைப்பது என்று பார்த்து, எங்கள் மட்டச் செடியின் மேல் வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தொப்பி கொஞ்சமும் சரியாமல் மேசையில் வைத்த மாதிரி இருந்தது. அண்ணன் அதைக் கவனித்து, “பாத்தியா மட்டத்த?” என்று என் காதில் சொன்னார்.

சிரித்து முடித்த தலைவர் உட்கார இடம் தேடினார். வாங்கு இரண்டிலும் பிள்ளைகளோடு பெண்கள். அவர்கள் பதறி எழும்பப் போக, வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுப் புல்லில் உட்கார்ந்தார். தேத்தண்ணி கொடுத்தோம். குடித்தபடியே, சாமான் பையும் பிள்ளையுமாக உட்கார்ந்திருந்தவர்களை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு நானாவிடம் சொன்னார்: பூவைப் பார்த்துத்தான் முடிவு சொல்வதாகச் சபையில் சொல்லியிருக்கிறேன். பூ இல்லை. பார்க்காமல் எப்படி முடிவு சொல்வது?

“லபன அவுருத்தே பலமு” என்று எழும்பினார். அடுத்த வருஷம் பார்ப்போம்.

அடுத்த வருஷம் செடிகள் தழைத்து மறுபடி மொட்டு வைத்தன. தலைவர் வருகிற கிழமை நானா எங்கள் வீட்டு வாசலுக்கே வந்தார். வெற்றிலையைத் துப்பி, வாயைக் கொப்பளித்து, பாதையில் யாராவது வருகிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தார்.

“புள்ள, கமேலியாவ வெட்டணும்.”

நான் அன்றைக்கு என் கூச்சத்தையெல்லாம் ஓரமாக வைத்தேன். “மட்டாவா நானா, மட்டமாவா?”

“மட்டமா புள்ள! நல்லாக் கேட்டுக்கங்க. மட்ட...மா!”

அப்படியே வருஷா வருஷம் வெட்டினோம். வருஷா வருஷம் தலைவர் வந்து, தொப்பியை மட்டத்தின் மேல் வைத்து, தேத்தண்ணி குடித்து, “அடடா, இந்த வருஷமும் பூக்கவில்லையே!” என்று கவலைப்பட்டு, அடுத்த வருஷம் பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அவர் பதவியை விட்டுப் போவதற்குள் லொறிகளுக்கு ஆற்றுப் பக்கத்தில் வேறு இடம் கிடைத்துவிட்டது. புல்லுத்தரை புல்லுத்தரையாகவே இருந்தது.

எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் ஒரு காரியத்தைத் தள்ளிப்போட வேண்டுமென்றால், “கமலா பூக்கட்டும், பாப்போம்” என்பார்கள். பேரன் மோட்டார் சைக்கிள் கேட்டபோது அவன் அப்பன் சொன்னதும் அதுதான்.

போன வருஷம் பேத்தியின் கல்யாணத்தில் கமலா மதினிக்கு ஆசை வந்துவிட்டது. நரைத்த கொண்டையில், இவர் அந்தக் காலத்தில் தைத்து மிஞ்சிய சிவப்பு சாட்டின் பூ ஒன்றைக் குத்திக்கொண்டு மணவறைப் பக்கம் வந்தாள். பல்லெல்லாம் போன அண்ணன் கதிரையிலிருந்து அவளைப் பார்த்துவிட்டு, மண்டபம் முழுக்கக் கேட்கக் கத்தினார்:

“அடியே பாக்கியம், கமலா பூத்துட்டாடி! லொறி வரப்போகுது, சட்டுன்னு ஒரு மட்டக்கம்பு கொண்டா!”